வாயில்லா ஜீவனும் வீட்டு மருந்துப் பெட்டியும்



இல்லறத்தார் செய்யத்தக்க தானங்கள் நான்கு என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாத்திர தானம் என்பன அவை. பசித்த உயிருக்கு உணவு, அஞ்சிய உயிருக்கு அடைக்கலம், பிணியுற்ற உயிருக்கு மருந்து, அறியாத உயிருக்கு அறிவு என அவற்றின் பொருள் விரியும். இவற்றுள் அடைக்கலமும் மருந்தும் அறிவும் ஒரே நாழிகையில் ஒருங்கே வேண்டப்படும் வேளை ஒன்று உண்டு. நம் வாயிற்படியில் படுத்துறங்கும் நாய், நமக்கென வைத்த மாத்திரையைத் தவறி விழுங்கிவிடும் வேளையே அது.

இத்துணைச் சிறு செய்திக்கு ஓர் அறவுரையா என்று வினவுவோர் இருக்கலாம். நாயும் நம்மைப் போலவே ஐம்பொறியும் மனமும் உடைய ஜீவன். வலியையும் அச்சத்தையும் உணர்வது. உள்ளே என்ன செல்கிறது என்று அறியாமல் விழுங்குகிறது. விழுங்கியதைச் சொல்ல அதற்கு வாயில்லை. அவ்வுயிர் பிழைப்பதும் மாய்வதும் அடுத்த ஓரிரு மணி நேரத்தில் அவ்வீட்டார் செய்வதையும் செய்யாது விடுவதையும் பொறுத்திருக்கிறது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு இது சிறு செய்தி ஆகாது.

மருந்தின் பெயரும் அளவும்

எம் ஊராகிய சாலவாக்கம் அடங்கிய உத்திரமேரூர் வட்டத்திலேயே திருமுக்கூடல் என்னும் தலம் உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாதலின் அப்பெயர் பெற்றது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடைபெற்றதையும், அதில் மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பிணியாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் பணியாற்றியதையும் அது கூறுகிறது. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் அக்கல் வரிசையாகத் தாங்கி நிற்கிறது.

சமயத்தால் அது நம் கோயில் அன்று. ஆயினும் ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துப் பெரியோர் மருந்தை எவ்வாறு மதித்தனர் என்பதை அது காட்டுகிறது. மருந்து என்பது பெயரும் அளவும் அறிந்து, பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டிய பொருள் என்பது அவர்கள் கொள்கை.

இன்றோ ஒவ்வொரு வீடும் ஒரு சிறு மருந்தகம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் சிற்றூர்களின் வீட்டு வாசலுக்கே வருகின்றன. காசநோய்க்கு மாதக்கணக்கில் உண்ணும் மாத்திரை, கருவுற்ற பெண்களுக்கான இரும்புச் சத்து மாத்திரை, மூட்டு வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் வாங்கியவை என யாவும் ஒரே நெகிழிப் பையில் சன்னலோரம் தொங்குகின்றன. மனிதர்க்கு இது பெரும் பேறு. அப்பை கீழே விழுந்தாலோ, அதே திண்ணையைப் பகிர்ந்துகொள்ளும் நாய்க்கு அதுவே யமனாகிறது.

உடல் வேறு, அளவு வேறு

கணக்கைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மனிதர் ஒருவர் 60 கிலோ எடை எனக் கொள்வோம். தெரு நாய் 15 கிலோ இருக்கலாம். நமக்குரிய ஒரு மாத்திரையை அது விழுங்கினால், எடைக் கணக்கில் நாம் நான்கு மாத்திரையை ஒருங்கே விழுங்கியதற்கு ஒப்பாகும். மூன்று கிலோ நாய்க்குட்டியாயின் இருபது மாத்திரை. எடை மட்டுமே வேறுபாடு அன்று. நம் கல்லீரல் எளிதில் முறித்து வெளியேற்றும் சில மருந்துகளை நாயின் கல்லீரலால் அவ்வாறு முறிக்க இயலாது. ஆதலின் மனிதர்க்குத் தீங்கற்றது என்பதால் நாய்க்கும் தீங்கற்றது என்று கருதுதல் பிழை.

நம் வீடுகளில் அடிக்கடி காணப்படுவனவற்றை மட்டும் கூறுவோம்.

காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால் மிகுந்தால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலையும் குலைக்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறுதல், முகம் வீங்குதல், மூச்சிரைத்தல் ஆகியன அதன் அடையாளங்கள். பூனைக்கோ 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும்.

வலி மாத்திரைகளாகிய ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். வாந்தியும் கரிய மலமும் காணின் உள்ளே இரத்தம் கசிகிறது என அறிக.

நீரிழிவு மாத்திரைகளுள் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு முதலியன இரத்தச் சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தும். நாய் தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். ஒருமுறை தேறியது போலத் தோன்றினும் ஒரு நாள் வரை மீண்டும் தாழக்கூடும்.

இரத்த அழுத்தத்திற்குரிய அம்லோடிபின், அடினலால் போன்றவை இரத்த அழுத்தத்தையோ நாடித் துடிப்பையோ மிகக் குறைத்து மயங்கி விழச் செய்யும்.

காசநோய் மாத்திரையில் உள்ள ஐசோனியசிட் என்னும் மருந்தை நாயின் உடல் முறிக்க வல்லதன்று. 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே சிறிய நாய்க்குக் கடும் வலிப்பைத் தரலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு. பி6 வைட்டமினை மருத்துவர் ஊசி வழியே செலுத்துவார். ஆனால் நாய் தின்றது காசநோய் மாத்திரை என்பதை அவருக்கு நாம் சொன்னாலன்றோ அவர் அதைத் தேர்வார்?

இரும்புச் சத்து மாத்திரையும், வாரம் ஒன்றாக உண்ணும் 60,000 அலகு வைட்டமின் டி மருந்தும் சத்து மருந்துகள் தாமே என்று அலட்சியம் செய்தல் கூடாது. முன்னது குடலை அரித்துக் கல்லீரலைத் தாக்கும். பின்னது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றி ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் நாள் துள்ளித் திரிந்த நாய் மூன்றாம் நாள் வீழ்வது இதனாலேயாம்.

எல்லா மாத்திரையும் எல்லா அளவிலும் கொல்லும் என்று அஞ்சி நடுங்கவும் வேண்டா. சில மருந்துகள் ஓரளவு பொறுக்கத்தக்கனவே. எது பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்று தீர்ப்பது கால்நடை மருத்துவரின் பணி. அவருக்கு வேண்டிய செய்தியைக் காலந்தாழ்த்தாது கொடுப்பது நம் பணி.

செய்யத்தக்கன

முதலாவதாக, நாயை அவ்விடத்தினின்றும் அகற்றுக. அதன் வாயில் மாத்திரையோ தகடோ தெரிந்து, அதுவும் சாதுவாக நிற்குமாயின், மெல்ல எடுத்துவிடலாம்; தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுதல் ஆகாது. சிதறியவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மற்றொரு நாயோ குழந்தையோ அவற்றைத் தொடாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, எண்ணுக. தகட்டில் எத்தனை இருந்தன, நேற்று வரை எத்தனை உண்டோம், தரையில் எத்தனை கிடைத்தன என்று கணக்கிட்டால், மிகுதியாக எத்தனை உள்ளே சென்றிருக்கக்கூடும் என்பது புலனாகும். ஐயமிருப்பின் கூடுதலான எண்ணையே கொள்க. இரண்டு நாய்கள் அங்கே இருந்திருப்பின், இரண்டும் முழுவதையும் தின்றதாகவே கருதி இரண்டையும் காட்டுக.

மூன்றாவதாக, மருந்துத் தகட்டைப் பத்திரப்படுத்துக. கடித்துக் கிழிந்ததாயினும் அதில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்தறியாத பெரியவர்கள் தகட்டை அப்படியே மருத்துவரிடம் நீட்டினாலே போதும்.

நான்காவதாக, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, ஏதேனும் தென்பட்டால் பார்ப்போம் என்று காத்திருத்தல் இவ்விடத்தில் பெரும் பிழை. அடையாளம் தோன்றும் வேளையில் மருந்து இரத்தத்தில் கலந்துவிட்டிருக்கும். மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை, விழுங்கிய நேரம், நாயின் எடை, வயது, இப்போதைய நிலை ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசினால் ஒரே நிமிடத்தில் அவர் முடிவெடுப்பார். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கென 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. பெரும்பாலும் மாடுகளுக்காக அழைக்கப்படுவதெனினும், வழி கேட்பதில் தவறில்லை. ஊர்தி வருமென்று அமர்ந்திராமல், ஆட்டோவிலேனும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு நாயைக் கொண்டு செல்வதே விரைவு. மேல் சிகிச்சைக்கு, 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

ஐந்தாவதாக, நாயை அமைதியாக வைத்திருக்க வேண்டும். நிழலில், இரைச்சலின்றி, ஒருக்களித்துப் படுக்க விடுக. வலிப்பு வந்தால் படிக்கட்டு, கால்வாய் ஓரங்களிலிருந்து விலக்கி, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்த்துக்கொள்க. அப்பொழுது வாயருகே கை கொண்டுபோகலாகாது. பழகிய நாயாயினும் வேதனையில் கடிக்கும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தை அன்றே அணுக வேண்டும். பிற உயிரைக் காக்கும் முயற்சியில் தன் உயிரைப் புறக்கணிப்பதும் அறம் ஆகாது.

செய்யத்தகாதன

நம் சிற்றூர்களில் நஞ்சு என்றதும் ஆளுக்கொரு கைமருந்து சொல்வர். உப்புக் கரைசலும் புளிக் கரைசலும் சோப்பு நீரும் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது வழக்கம். இது பேராபத்து. உப்பு மிகுந்தால் அதுவே மூளையைத் தாக்கும் நஞ்சாகிறது. மயங்கிய நாய்க்கு எதைப் புகட்டினாலும் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைக்கும். வாந்தி எடுக்கச் செய்தல் சில வேளைகளில் தக்க சிகிச்சையே. ஆயினும் விழுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள், நாய் தெளிந்த நிலையில் இருக்கும்போது, தக்க மருந்து கொண்டு மருத்துவரே செய்ய வேண்டியது அது.

பாலும் நெய்யும் நஞ்சை முறிக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. அடுப்புக் கரியைப் பொடித்துக் கொடுப்பதும் பயனற்றது. மருத்துவர் தரும் கரி, அதற்கெனப் பக்குவம் செய்யப்பட்டது. அதுவும் இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றாது.

மருத்துவர் சில மணி நேரம் உணவு கொடுக்க வேண்டா எனச் சொன்னால் நம்மவர் தயங்குவதுண்டு. அஹிம்சாணு விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் உணவும் நீரும் தடுத்தல் ஒன்றன்றோ, கட்டி வைத்தலும் ஒன்றன்றோ என்று ஐயுறுவர். அவ்வதிசாரங்கள் சினத்தாலும் பேராசையாலும் கல்நெஞ்சத்தாலும் செய்யப்படுவனவற்றைக் குறிப்பன. நோய் தீரும் பொருட்டு மருத்துவர் சொல்லால் சிறிது பொழுது உணவை நிறுத்துதலும், ஓடி விழாதவாறு தளரக் கட்டுதலும் அவற்றுள் அடங்கா.

ஊரில் கண்ட நிகழ்ச்சி

எம் தெருவில் நிகழ்ந்ததொன்றை இவ்விடத்தில் கூறுதல் தகும். மாலை உணவை அந்திக்கு முன் முடிக்கும் வழக்கமுடைய இல்லம் ஒன்றில், பெரியவருக்குரிய நீரிழிவு மாத்திரைத் தகடு சாப்பாட்டுத் தட்டின் அருகே வைக்கப்பட்டிருந்தது. தட்டை எடுத்தபோது தகடு கீழே நழுவியதை யாரும் காணவில்லை. மிகுந்த சோற்றை உண்ண வந்த நாய் அதையும் மென்றுவிட்டது. சிறிது நேரத்தில் பின்னங்கால் தள்ளாடிற்று.

கூடியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புளியைக் கரை என்றார் ஒருவர். அதன் வினை அது, விட்டுவிடுங்கள் என்றார் மற்றொருவர். பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செவியில் ஓதுங்கள், அதுவே போதும் என்றார் முதியவள் ஒருத்தி. அவ்வீட்டுப் பேத்தி, பள்ளி மாணவி, ஒன்றும் பேசாமல் தகட்டை எடுத்து எண்ணினாள். ஆறு மாத்திரை குறைந்திருந்தது. பெயரைப் படித்துக் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

அவர், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நாய் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது என்றார். தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே உடனே கொண்டு வாருங்கள், வாயில் ஊற்றாதீர்கள் என்றார். தேன் நம் வீடுகளில் புகுவதில்லை அன்றோ? வெல்லப் பாகு இருந்தது. அதைத் தடவியவாறே ஆட்டோவில் கொண்டு சென்றனர். அங்கே குளுக்கோஸ் ஏற்றினர். சர்க்கரை மீண்டும் தாழும் என்பதால் மறுநாள் வரை கண்காணிக்கச் சொன்னார் மருத்துவர். நாய் பிழைத்தது. மந்திரம் சொன்ன முதியவளும் ஆட்டோவில் ஏறிச் சென்றாள். வழி நெடுக அவள் நாவு மந்திரத்தையும் விரல் வெல்லப் பாகையும் விடவில்லை.

வினைப்பயனா? மந்திரம் போதுமா?

அன்று எழுந்த மூன்று சொற்களுள் புளியைப் பற்றி முன்னரே கூறினோம். ஏனைய இரண்டும் சமயத்தைச் சார்ந்தவை. ஆதலின் விடை காண வேண்டுவன.

அதன் வினை அது என்பது உண்மையே. ஒவ்வோர் ஜீவனும் தன் வினைப்பயனைத் தானே துய்க்கிறது. ஆனால் அவ்வுயிரின் வினையைப் பற்றிப் பேச எழுந்த நாம், அக்கணத்தில் கட்டப்படும் நம் வினையை மறந்துவிடுகிறோம். காக்கும் வழி கையில் இருந்தும் கைகட்டி நிற்பவனுடைய பரிணாமம் எத்தகையது? உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதம் என்னும் சோர்வின் வயப்பட்டு உயிரின் பிராணன்களைப் பிரித்தலே ஹிம்சை என்று வரையறுக்கிறார். விழிப்போடு அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் எதிர்பாராது சிற்றுயிர் ஒன்று மாண்டால் அவருக்கு அதனால் பந்தமில்லை. விழிப்பின்றி நடப்பவனுக்கோ உயிர் மாண்டாலும் மாளாவிடினும் ஹிம்சை உண்டு என்பது ஆசாரியர் கொள்கை. திறந்து கிடந்த மருந்துப் பையை நாய் தீண்டாமலே போயினும், அதைத் திறந்து போட்ட சோர்வு சோர்வே. தீண்டிய பின்னும் வாளாவிருத்தல் அச்சோர்வின் மேல் மற்றொரு சோர்வு.

வலிய வாந்தி எடுக்கச் செய்தலும் ஊசி குத்துதலும் அதற்குத் துன்பம் தருவன அல்லவோ என்பாரும் உளர். பூஜ்யபாத சுவாமிகள் சர்வார்த்தசித்தி உரையில் இதற்கு ஒப்பான ஐயத்தை எழுப்பி விடையும் கூறுகிறார். முனிவர் ஒருவரின் உடலில் எழுந்த கட்டியைக் கருணையுள்ள மருத்துவன் கத்தியால் கீறுகிறான், வலி எழுகிறது, ஆயினும் அவனுக்குப் பாவ பந்தம் இல்லை. துன்பத்தின் அளவைக் காட்டிலும், அதைச் செய்தவனின் உள்ளக் கருத்தே வினையைக் கட்டுகிறது.

இனி மந்திரம். திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை நம்மில் அறியாதார் இலர். உணவைத் தீண்டிய குற்றத்திற்காக அடியுண்டு உயிர் போகும் நிலையில் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்க் கட்டியங்காரனின் கொலைக் கையினின்று சீவகனையே காத்தது. வேறெந்த உதவியும் பயன்படாத நிலையில் அவ்வுயிர்க்குச் செய்யத்தக்க பேருதவியைச் சீவகன் செய்தான். அக்கதையைக் காட்டி, மருத்துவரிடம் செல்லும் காலத்தில் மந்திரம் சொல்லி அமர்ந்திருப்போமாயின் சீவகனை நாம் அறிந்திலோம் என்பதே பொருள். பிறர் அடித்துப் போட்டு அகன்ற ஓர் உயிரின் அருகே அவன் சென்று நின்றான் என்பதே அக்கதையின் உயிர்நிலை. சிகிச்சைக்கு வழியுள்ளவரை கால்கள் மருந்தகத்தை நோக்கி நடக்கட்டும். நாவு மந்திரத்தை ஓதட்டும். மருத்துவரும் கைவிட்ட பின்னர், அஞ்சி அலறாமல், அதன் தலையைத் தடவிச் செவியில் மந்திரம் ஓதுதல் நம் கடன். இரண்டும் அபய தானமே. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் செய்தல் அபய தானத்தில் பாதியேயாம்.

அறிவற்ற இரக்கம்

நாய் தானே விழுங்குவது ஒரு வகை. நாமே இரக்கத்தால் கொடுப்பது மற்றொரு வகை. நொண்டி வரும் நாய்க்கு நமக்குரிய வலி மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுப்பதும், காய்ச்சலுற்ற பூனைக்குப் பாராசிட்டமாலைக் கரைத்துக் கொடுப்பதும் நம்மிடையே நிகழ்கின்றன. ஔஷத தானம் செய்ததாக உள்ளம் மகிழும். அவ்வுயிரோ இரவெல்லாம் துடிக்கும். இரத்தினத் திரயத்தை நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று பெரியோர் வரிசைப்படுத்தினர். ஞானம் வாராத ஒழுக்கம் கண்ணில்லாத நடையாகும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. மனிதரின் வலி தீர்க்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்து கால்நடைகளுக்கும் பரவலாகச் செலுத்தப்பட்டது. மாடுகளின் வலி தணிந்தது. ஆனால் மருந்து உடலில் இருக்கையில் இறந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 1990களில் தொடங்கிய அவ்வழிவில், ஒரு காலத்தில் இந்திய வானில் எண்ணற்றுத் திரிந்த வெண்முதுகுக் கழுகினம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாகக் குறைந்துபோயிற்று. காரணம் இம்மருந்தே என்பது 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதர்க்குரிய பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் பயன்படுவதைக் கண்டு, 2015-இல் குப்பியின் அளவும் மூன்று மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. இன்று தமிழகத்தில் எஞ்சிய கழுகுகள் நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே பெரிதும் காணப்படுகின்றன. மாட்டுக்கு இரங்கியவர் எவரும் கழுகைக் கொல்ல எண்ணவில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாய் நிற்பவை என்று நம் சமயம் கூறுவதன் ஆழம் இங்கே விளங்கும்.

வைப்பதும் எடுப்பதும்

நோய் வருமுன் காத்தலே சிறந்தது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்குத் தீங்கு நேராவண்ணம் பார்த்தெடுத்துப் பார்த்து வைத்தல் என்பது அதன் பொருள். பார்த்து உண்ணுதலும் பார்த்துப் பருகுதலும் அஹிம்சா விரதத்தைக் காக்கும் பாவனைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. மயிற்பீலி ஏந்திய முனிவர் கமண்டலத்தை வைக்கும்போது தரையைப் பார்ப்பார். இல்லறத்தார் மாத்திரையை வைக்கும்போதேனும் பார்த்தல் வேண்டாவா?

மூடி இறுகிய டப்பாவில் மருந்தை இட்டு, நாய் எட்டாத அலமாரியில் வைக்க வேண்டும். சன்னலிலும் திண்ணையிலும் கட்டிலின் கீழும் வைக்கலாகாது. அந்திக்கு முன் உணவு கொள்ளும் நம் இல்லங்களில், மாலை மாத்திரையை அவசரத்தில் தட்டோரம் வைக்கும் வழக்கம் உண்டு. அதைக் கையில் எடுத்தவுடன் விழுங்கி, தகட்டை அப்பொழுதே உள்ளே வைத்த பின்னரே உண்ண அமர்தல் நன்று. மாத்திரை கீழே உருண்டால் விளக்கேற்றித் தேடிக் கண்டெடுத்த பின்னரே அவ்விடம் விட்டு எழ வேண்டும். மிகுந்த சோற்றை நாய்க்கு இடுமுன் ஒரு முறை கையால் துழாவிப் பார்த்தல் வேண்டும். மறதியுள்ள முதியோர் மாத்திரையைத் துப்பிவிடுவதும், இலையடியில் ஒளித்து வைப்பதும் உண்டு; வீட்டார் அதையும் கவனிக்க.

காலங்கடந்த மருந்துகளைக் குப்பை மேட்டில் கொட்டுதல் பாவம். அங்கே மேய்வன நாயும் பசுவும் அன்றோ? கிணற்றிலும் ஏரியிலும் எறிதல் எண்ணற்ற நீருயிர்க்குக் கேடு. மருந்துக் கடையிலோ சுகாதார நிலையத்திலோ திரும்ப ஏற்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையாயின் மாத்திரைகளைத் தகட்டினின்றும் பிரித்து, சாம்பலோடு கலந்து, உயிர்கள் விரும்பாதவாறு பையில் இறுகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் நேரே கொடுக்கலாம்.

கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் 1962 என்னும் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்து டப்பாவின் மூடியிலேயே ஒட்டி வைக்குமாறு ஒவ்வோர் இல்லத்தையும் வேண்டுகிறோம். வீட்டுப் பிள்ளைகளை விட்டே எழுதச் செய்க. அவ்வெழுத்தே அவர்களுக்குச் சாத்திர தானமாகும்.

எவ்வுயிரும் நம் சோர்வால் துன்புறாதிருக்க அருகப் பெருமான் அருள்நெறி நமக்குத் துணை நிற்க.

அறம் வளர்க! ஜின தருமம் ஓங்குக!